படத்தில் இருப்பது வேறு நோவ்கொரத்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ரஷ்யாவின் வெலீக்கி நோவ்கொரத் நகரம் டிஜிட்டல்மயமாவதைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முதலில் ஒரு சின்னத் திருத்தம். கட்டுரையோடு போட்டிருக்கும் படம் அந்த ஊருடையது இல்லை. மேட்டின் மீது மதில் ஏறி இறங்க, கீழே இரண்டு ஆறுகள் கூடுகிறதே, அது நீஷ்னி நோவ்கொரத். வோல்காவில் ஓக்கா வந்து சேரும் இடம். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பெரிய தொழில் நகரம். நீங்கள் எழுதிய ஊர் அங்கிருந்து வடமேற்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி, வோல்ஹவ் ஆற்றங்கரையில், தட்டையான ஈர மண்ணில் இருக்கிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. பெயருக்கு முன்னால் 'மாபெரும்' என்று பொருள்படும் 'வெலீக்கி'யை 1999இல்தான் அதிகாரபூர்வமாகச் சேர்த்தார்கள்.

படம் மாறியதைக்கூட விட்டுவிடலாம். கட்டுரையில் மெய்நிகர் சுற்றுலாவுக்கு ஒரு பத்தி, கைபேசிச் செயலிக்கு ஒரு பத்தி, தேவாலய வாசலில் உள்ள கியூஆர் கோடு பலகைக்கு ஒரு பத்தி. அந்த ஊர் மண்ணில் கிடைத்த, பிர்ச் மரப்பட்டையில் கீறி எழுதிய பழங்காலக் கடிதங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. கீழப்பாவூர்க்காரன் குற்றாலத்தைப் பற்றி எழுதி, அருவியை விட்டுவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு.

எண்பதுகளில் நான் லெனின்கிராதில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பொறியியல் படித்தேன். நோவ்கொரத் அங்கிருந்து ஏறக்குறைய 190 கிலோமீட்டர். ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனோம். 11ஆம் நூற்றாண்டில் கட்டிய சோஃபியா தேவாலயம், அதன் நடுக்கோபுரத்தின் தங்க முடி, எல்லாம் பார்த்தாகிவிட்டது. கால் விறைத்துப்போய், கதகதப்புக்காகத்தான் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம். அங்கே கண்ணாடிக்கு அடியில் காய்ந்த வாழைச்சருகு மாதிரி பழுப்பு நிறத்தில் துண்டு துண்டாக என்னவோ. குனிந்து பார்த்தால் எழுத்து. மை கிடையாது. நம் ஓலைச்சுவடி போலவே, கூரான கோலால் கீறியது.

அந்த ஊர் மண்ணில் களியும் ஈரமும் அதிகம். காற்று உள்ளே புகாது. அதனால் மரம், தோல், பட்டை எதுவும் மக்கவில்லை. ஒரு தெருவைத் தோண்டியபோது ஒன்றன்மேல் ஒன்றாக 28 அடுக்கு மரத்தளம் கிடைத்தது. அடியில் இருந்தது 953ஆம் ஆண்டில் வெட்டிய மரம், மேலே இருந்தது 1462இல் வெட்டியது. மரத்தின் வளையங்களை எண்ணி ஆண்டைச் சொல்லிவிடுகிறார்கள். எந்த அடுக்கில் கடிதம் கிடக்கிறதோ, அதுவே அதன் காலத்துக்குச் சாட்சி.

முதல் கடிதம் 1951 ஜூலை 26 அன்று கிடைத்தது. கண்டெடுத்தவர் பேராசிரியர் அல்ல. அகழாய்வில் கூலி வேலைக்கு வந்த நீனா அகூலவா என்ற பெண். ஆய்வுக்குத் தலைமை தாங்கிய அர்த்சிஹோவ்ஸ்கிக்கு அதைப் பார்த்ததும் சிறிது நேரம் பேச்சே வரவில்லையாம். அப்புறம், இருபது வருடமாக இதற்காகத்தான் காத்திருந்தேன் என்று சொல்லி, நூறு ரூபிள் பரிசு அறிவித்தார். இன்று வரை அந்த ஊரில் மட்டும் 1,100க்கு மேல் கிடைத்திருக்கின்றன. கடன் கணக்கு, மீன் கேட்டு எழுதியது, சண்டை, வழக்கு, காதல். 377ஆம் எண் கடிதத்தில் மிக்கீத்தா என்பவர் உல்யானித்சா என்ற பெண்ணுக்கு, என்னைக் கட்டிக்கொள், எனக்கு நீ வேண்டும், உனக்கு நான் வேண்டும் என்று நேரடியாகவே எழுதுகிறார். சுற்றி வளைப்பெல்லாம் இல்லை.

இவை இணையத்தில் இருக்கின்றன என்பதைத்தான் கட்டுரையாளர் எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணையும் தட்டினால் பட்டையின் நிழற்படம், கீறலை மட்டும் கையால் வரைந்தெடுத்த கோட்டுப்படம், மூல வாசகம், இன்றைய ரஷ்ய மொழிபெயர்ப்பு, எந்தக் குழியில் கிடைத்தது, எந்தக் காலம் என எல்லாம் வருகிறது. இதைவிட நல்ல 'டிஜிட்டல் பாரம்பரியம்' ஒன்றை நான் பார்த்ததில்லை. பளபளப்பு கிடையாது. வேலை நடந்திருக்கிறது.

போன மாதம் இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்திக்கு அதில் ஓன்ஃபிமைக் காட்டினேன். 13ஆம் நூற்றாண்டுப் பையன். ஆறேழு வயது இருக்கும் என்கிறார்கள். அவன் கிறுக்கிய பட்டைகள் 1956இல் கொத்தாகக் கிடைத்தன. 199ஆம் எண் ஒரு பட்டைக் கூடையின் உடைந்த அடிப்பாகம். யாரோ வீட்டில், இதில் எழுதிப் பழகு என்று கொடுத்திருப்பார்கள். ஒரு பக்கம் அகரவரிசையும் அதன் பின்னே உயிர்மெய் போலக் கூட்டெழுத்துகளும் ஒழுங்காக எழுதியிருக்கிறான். மறுபக்கம் நீண்ட கழுத்தும் சுருண்ட வாலுமாக ஒரு விலங்கு. 'நான் காட்டு மிருகம்' என்று தலைப்பு வேறு. கூடவே, தானிலா என்ற சிநேகிதனுக்கு ஒரு வணக்கம். அடுத்த பட்டையில் அகரவரிசையை ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டு, குதிரையில் ஏறி எதிரியை ஈட்டியால் குத்துகிறான். அது தானேதான் என்று பக்கத்தில் பெயரும் எழுதிவிட்டான். என் பேத்தி திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவன் போட்ட மனிதர்களின் கையில் சீப்புப் பல் மாதிரி விரல்கள். ஒரு கையில் மூன்று, இன்னொரு கையில் ஐந்துக்கும் மேல். "தாத்தா, இவனுக்கு எழுதத் தெரியுது, எண்ணத் தெரியல" என்றாள்.

மொழிபெயர்ப்போடு மூல வாசகத்தையும் சேர்த்துப் போடுவதன் அருமைக்கு 247ஆம் கடிதத்தைச் சொல்லலாம். 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ஒரு திருட்டுக் குற்றச்சாட்டைப் பற்றியது. அதில் பூட்டு 'கேலெ', கதவு 'கேலெ' என்று வருகிறது. முதலில் படித்தவர்கள் அதைத் துறவியின் அறை என்று எடுத்துக்கொண்டு, அறையின் பூட்டு, அறையின் கதவு என்று பொருள் எழுதினார்கள். ஆந்திரேய் சலிஸ்னியாக் என்ற மொழியியலாளர் வந்துதான், அது அறை இல்லை, 'முழுசாக' என்று பொருள்படும் சொல் என்று காட்டினார். பூட்டும் உடையவில்லை, கதவும் உடையவில்லை, வீட்டுக்காரரும் புகார் சொல்லவில்லை. அப்புறம் எங்கே திருட்டு? கடிதமே தலைகீழாகிவிட்டது. மற்ற ஸ்லாவிய மொழிகளில் அந்த இடத்தில் 'க' ஒலி 'த்ஸ' ஆக மாறியிருக்க, நோவ்கொரத் பேச்சில் மட்டும் பழைய 'க' அப்படியே நின்றிருந்ததாம். கன்னடத்தில் 'கிவி', நம்மிடம் 'செவி' என்பது தெரிந்த வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சலிஸ்னியாக் 2017இல் காலமாகும் வரை, அந்தந்த ஆண்டு கிடைத்த கடிதங்களைப் பற்றி இலையுதிர்காலத்தில் மாஸ்கோவில் பேசுவார். உட்கார இடமில்லாமல் கூட்டம் படிக்கட்டில் அமர்ந்து கேட்கும். முன்பு தான் சொன்னது தப்பு என்றால் அதையும் அங்கேயே சொல்வார்.

கட்டுரையாளர் சொல்வதுபோல டிஜிட்டல் வந்ததால் அந்த ஊரின் பாரம்பரியம் பிழைக்கவில்லை. வரிசை அப்படியே திருப்பிப் போட வேண்டியது. எந்தக் கட்டடம் கட்டுவதானாலும் முதலில் அகழாய்வு, அதன் செலவு கட்டுகிறவர் தலையில் என்ற ஏற்பாடு அங்கே சோவியத் காலத்திலேயே வந்துவிட்டது. சுருண்டு வரும் பட்டையை வெந்நீரில் நனைத்து, மெல்லப் பிரித்து, கண்ணாடிகளுக்கு நடுவில் அழுத்தி, கோடு கோடாகப் பார்த்து வரைந்தார்கள். கணினி அதற்கெல்லாம் பிறகு வந்தது. 1199இல் வரைந்த நெரேதித்சா தேவாலயச் சுவரோவியங்களில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் போயிற்று. போருக்கு முன்பே எடுத்த நிழற்படங்களும் நீர்வண்ணப் பிரதிகளும் இருப்பதால்தான் அவை எப்படி இருந்தன என்று இன்று நமக்குத் தெரிகிறது. அதே போரில் கோவல்யோவா தேவாலயத்தில் இடிபாடு மட்டுமே மிஞ்சியது. கிரேகவ் தம்பதியர் 1965 முதல் அந்த மண்ணைச் சலித்து, விரல்நுனி அளவுத் துண்டுகளை ஒட்டி ஓவியங்களை மீட்டார்கள். வாழ்நாள் முழுக்க அதே வேலை.

எங்கள் பக்கத்து நூலகம் ஒன்றில் (பெயர் வேண்டாம்) ஓலைச்சுவடிகளைப் படமெடுத்துக் குறுந்தகட்டில் ஏற்றினார்கள். திறப்பு விழாவெல்லாம் நடந்தது. போன வருடம் ஒரு மருத்துவச் சுவடியைக் கேட்டுப் போனேன். தகடு எந்தக் கணினியிலும் திறக்கவில்லை, எந்தச் சுவடிக்கு எந்தப் படம் என்ற பட்டியலும் இல்லை. ஓலை நன்றாகத்தான் இருக்கிறது.

கியூஆர் கோடு பற்றி ஒன்று. ட்ரோன் தாக்குதல் பயத்தில் 2025 முதல் ரஷ்யாவின் பல பகுதிகளில் கைபேசி இணையத்தை அடிக்கடி நிறுத்திவைக்கிறார்கள். அந்த நேரத்தில் வாசல் பலகையில் உள்ள கோடு வெறும் கறுப்புக் கட்டம்தான். பலகையில் நாலு வரி எழுதியும் வைத்தால் நல்லது. நம் ஊர்க் கோயில்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அடுத்த இதழில் படத் திருத்தம் போடும்போது ஆற்றின் பெயரை வோல்ஹவ் என்று குறிப்பிட வேண்டுகிறேன். இடம் இருந்தால் ஓன்ஃபிமின் குதிரைப் படத்தையும் போடுங்கள். விரல் எண்ணிக்கையைத் திருத்திவிடாமல்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர்,
பாளையங்கோட்டை