பேட்டரி மட்டும் மாற்றினால் போதாது

ஆசிரியர் ஐயாவுக்கு, வணக்கம்.

பழைய கார்களை 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றுவது பற்றி எழுதியிருந்தீர்கள். பேட்டரியோடு வேலை முடிவதில்லை.

அப்பா விட்டுப்போன 1962 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரை இன்றும் ஓட்டுகிறேன். இங்கே தென்னாப்பிரிக்காவில், யூட்டன்ஹேக் ஆலையில் தயாரானது, 6 வோல்ட். பல்புகள், காயில், டைனமோ, ரெகுலேட்டர், இண்டிகேட்டர் ரிலே எல்லாவற்றையும் 12 வோல்ட்டுக்கு மாற்றினோம். ஒயரைத் தொடவில்லை; அதே வாட்டுக்கு 12 வோல்ட்டில் பாதி ஆம்பியர்தான் ஓடும், பழைய ஒயரோ நல்ல தடிமன். ஸ்டார்ட்டரும் பழையதுதான். சாவியை நெடுநேரம் திருகிப் பிடிக்காதவரை தாங்கும்.

வேலை பார்த்தவர் பழைய 6 வோல்ட் வைப்பர் மோட்டாருக்கு வோல்ட்டைக் குறைக்கும் ரெசிஸ்டர் போட மறந்துவிட்டார். ஹிகின்சன் நெடுஞ்சாலையில் கொட்டும் மழை, டேஷ்போர்டுக்குள்ளிருந்து புகை! வீடு வரும்வரை என் மனைவி ஜன்னல் வழியே கையை நீட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அப்புறம் அந்தக் காரில் அவள் ஏறவே இல்லை.

இப்படிக்கு,
பீட்டில்காரர், சாட்ஸ்வர்த், டர்பன்