நெட்சாய்க்கு என்ன நடந்தது?

களுவாஞ்சிக்குடி

அன்பின் மச்சான்,

நாங்கள் சுகம். உங்கள் வீட்டிலும் எல்லாரும் சுகமாயிருக்க வேண்டும். மாரி மழை இந்த முறை நன்றாகப் பெய்தது, வயலுக்குக் குறையில்லை. அம்மாவுக்குத்தான் முழங்கால் வலி இன்னும் மாறவில்லை.

நீ தந்த 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்' நாவலை உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னேன். ட்சிட்சி டங்கரெம்பா 1988இல் எழுதியது, 1960களின் ரொடீசியாவில், அதாவது இன்றைய சிம்பாப்வேயில் நடப்பது. கதையைச் சொல்லும் பெண்பிள்ளை தம்பு, பள்ளிக்கூடக் காசுக்காகத் தானே சோளன் நட்டாள் என்றதும், வாவிக்கு அக்கரையிலுள்ள படுவான்கரைப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பொத்திகளை அண்ணன் நாமோ களவெடுத்தான் என்றபோது ஒருவனுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. அதே நாமோதான் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போய், பெற்ற தாயோடு சொந்த மொழியான சோனாவில் பேச முடியாதவனாகத் திரும்பி வருகிறான். அவன் செத்த பிறகே தம்புவுக்கு அந்த இடம் கிடைக்கிறது.

எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. ஆண்ட நாட்டுக்காரன் திறந்துவிட்ட பள்ளிக்கூடத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு கதிரைதான். ஒரு பிள்ளை அதில் இருந்து ஆளாக, மற்றது வெளியில் நிற்கிறது. கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவின் 'வீப் நாட், சைல்ட்' (1964) நாவலிலும் ஞொரோகே படிக்கப் போகிறான், அண்ணன் கமாவ் தச்சு வேலை பழகுகிறான்.

அடையாளம் என்று பேச வருகிறவர்கள் பெரும்பாலும் தம்புவையும், இங்கிலாந்தில் வளர்ந்த பெரியப்பா மகள் நியாஷாவையும் பற்றித்தான் பேசுகிறார்கள். அக்கரை மண்டூரிலிருந்து வாவியைப் பாதைப் படகில் கடந்து வருகிற பெட்டை ஒன்று வேறொன்று கேட்டது: "நெட்சாய்க்கு என்ன நடந்த சேர்?"

நெட்சாய், தம்புவின் தங்கச்சி. அண்ணன் வரும்போதெல்லாம் அவன் சாமான்களைச் சுமக்க வேண்டியவள், சுமக்காவிட்டால் அடி. அவளுக்கு நடந்தது 2006இல் வந்த அடுத்த நாவலான 'த புக் ஆஃப் நொட்'டில்தான் இருக்கிறது. விடுதலைப் போருக்குப் போய், மிதிவெடியில் ஒரு காலை இழக்கிறாள். தம்பு அப்போது கன்னியாஸ்திரிகளின் கல்லூரியில் நல்ல பெறுபேற்றுக்காகப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறாள்.

இதைச் சொன்னதும் அந்தப் பிள்ளை தன் பெரியம்மாவின் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டது. பாடம் அன்று அதற்குமேல் போகவில்லை, போகவும் தேவையில்லை.

மச்சான், படித்து உத்தியோகம் பார்த்த நம்மைப் போன்றவர்கள் நம் கதையை எப்படியும் எழுதிவிடுவோம். அந்தப் பெரியம்மா எப்படி வளர்ந்தா, அந்த வயதில் என்ன ஆசை வைத்திருந்தா என்பதை அவ சொல்லக் கேட்டு எழுத வேண்டும். பிள்ளையிடம் கேட்டிருக்கிறேன். அவ சம்மதித்தால் அடுத்த மாதம் மண்டூருக்குப் போவேன்.

அந்த இரண்டாவது நாவலை நான் இரவல் வாங்கித்தான் வாசித்தேன். உன்னிடம் இருந்தால் மாமாங்கத் திருவிழாவுக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு. பிள்ளைகள் கேட்கிறார்கள்.

அன்புடன்,
உன் மச்சான்