மைலனுக்கு ஓட்டிப் போகும் நண்பர்களுக்கு, முன் டயர் பற்றி ஒரு திறந்த மடல்

நோவை, கேன்டன், ஃபார்மிங்டன் ஹில்ஸ் பக்கம் குடியிருந்து, வாரம் முழுக்க வண்டிக் கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை வந்தால் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டே மைலன் டிராக்வே என்ற டிராக் ரேஸ் ஓடுதளத்துக்குப் போய், கால் மைல் நேராக ஓடி, அதே காரில் வீடு திரும்பும் நம் ஆட்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் பார்க்கிங்கில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது நம்மில் ஒருவர் டிக்கியைத் திறந்து இரண்டு டயர் காட்டினார். இரண்டுமே ஸ்டெப்னி. பஞ்சர் ஆனால் அவசரத்துக்கு மாட்டிக்கொள்ளக் கொடுப்பார்களே, அந்த ஒல்லி ஸ்டெப்னி. பழைய வண்டி உடைக்கும் யார்டில் மலிவாகக் கிடைத்ததாம், பார்க்க அசல் டிராக் கார் டயர் மாதிரியே இருக்கிறது, அடுத்த வாரம் முன்னால் மாட்டிக்கொண்டு வரப்போகிறேன் என்றார். சுற்றி நின்ற பத்துப் பேரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்த மடல்.

அந்த டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும்: 60 பிஎஸ்ஐ காற்று, அதிகபட்சம் மணிக்கு 50 மைல், தற்காலிகப் பயன்பாட்டுக்கு மட்டும். யு.எஸ். 23 நெடுஞ்சாலையில் 70 மைல் வேகம் சட்டப்படியே போகலாம், யாரும் அதற்குக் கீழே போவதில்லை. ஓடுதளத்தின் முடிவில் நம் கார்கள் 110 மைலை ஒட்டிப் போகின்றன. ஒரு பஞ்சர் கடை வரைக்கும் போய்ச் சேரச் செய்த டயரை அதில் மாட்டுவது எப்படிச் சரியாகும்? டிராக் ரேஸை நடத்தும் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிப்புத்தகமும் ஸ்டெப்னி, டிரெய்லர் டயர் இரண்டையும் கூடாது என்றே சொல்கிறது. பரிசோதனையில் பிடிபடுவோமா என்பது என் கவலையில்லை, பிடிபடாமல் போய்விட்டால் என்ன ஆகும் என்பதுதான் கவலை.

முன்னால் ஒல்லி டயர் எதற்கு என்று நம் எல்லோருக்கும் தெரியும். எடை குறையும், உருளும்போது இழுவை குறையும், காற்றை முட்டுகிற பரப்பும் கொஞ்சம் குறையும். ஆக்ஸிலேட்டரை அழுத்தி வண்டி கிளம்பும்போது பாரம் முழுக்கப் பின்னால் சாய்கிறது, முன் டயருக்கு அப்போது பெரிதாக வேலையில்லை, அதனால் அங்கே எது இருந்தாலும் போதும் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் முடிவுக் கோட்டைத் தாண்டிய அடுத்த நொடியில் பிரேக் மிதிக்கிறோம், பாரம் அப்படியே முன்னால் வந்து விழுகிறது. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் டயருடையது, திருப்புவது முழுக்க அதனுடையது. அதற்கப்புறம் வீடு வரைக்கும் லாரிகளுக்கு நடுவே ஓட்ட வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில் பாதி விலைக்கு ஒரு ஜோடி பயஸ் பிளை முன் டயர் வாங்கினேன், ஊரில் நைலான் டயர் என்போமே அந்த வகை. ரோட்டில் தாராளமாக ஓட்டலாம் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். பின்னால் எனக்கு டிராக் ரேடியல், அதாவது டிராக் ரேஸ் பிடிமானத்துக்கென்று செய்த ரேடியல் டயர். முதல் நாளே, லாரிகள் போய்ப் போய்ப் பள்ளம் விழுந்த தடத்தில் கார் தானாகத் தடம் பிடித்து இழுத்தது, ஸ்டீயரிங்கை ஒரு நிமிடம் சும்மா விட முடியவில்லை. திரும்பி வரும்போது மழை. முன்னே போன வண்டி திடீரென்று நின்றது, நான் மிதித்தேன், முன் சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு கார் நேராக வழுக்கியது. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், திரும்பவில்லை. பக்கத்து ஓரத்தில் இடம் இருந்ததால் பிரேக்கை விட்டுப் பிடித்துத் தப்பித்தேன். மறுநாள் டயரின் பக்கவாட்டில் இருக்கும் டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) எண்ணைப் பார்த்தேன். அதன் கடைசி நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என்னுடையது பதினோரு வருடப் பழசு. ரப்பர் கல்லாகியிருந்தது. வாங்கும்போது குனிந்து பார்க்க ஒரு நிமிடம் போதும், நான் பார்க்கவில்லை.

டி.ஓ.டி. என்று பதித்திருந்தால் அரசாங்கம் சோதித்து ஒப்புதல் கொடுத்த டயர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. மத்திய அரசின் பாதுகாப்பு விதிக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளரே உறுதி கூறிப் பதிக்கும் முத்திரை அது. அது இல்லாத டயர் ரோட்டுக்கு வரவே கூடாது, சரி. மிக்கி தாம்சன் ஈ.டி. ஃபிரண்ட் மாதிரியானவை ஓடுதளத்துக்கு மட்டும் செய்தவை, டிரெய்லரில் ஏற்றிப் போகிறவர்களுக்கு அருமையான டயர், ஓட்டிப் போகிற நமக்கு இல்லை. ஆனால் முத்திரை இருப்பதாலேயே நம் வண்டிக்குப் பொருந்திவிடும் என்றும் இல்லை. டயரின் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் எழுத்தையும் பார்க்க வேண்டும், அதாவது பாரக் குறியீடும் வேக எழுத்தும்.

என் பழைய ஃபோர்டு மஸ்டாங்கையே (ஃபாக்ஸ் பாடி என்கிற தலைமுறை) கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். நான் உட்கார்ந்தால் சுமார் 1,450 கிலோ. அதில் 57 சதவீதம் போல முன்னால். ஆக ஒரு முன் டயருக்கு நிற்கும்போதே ஏறக்குறைய 415 கிலோ, பலமாக பிரேக் மிதித்தால் ஒவ்வொன்றின் மேலும் இன்னும் நூறு கிலோவுக்கு மேல் ஏறும். 87 என்று எழுதியிருந்தால் அந்த டயர் 545 கிலோ தாங்கும், 91 என்றால் 615. இது முழுக் காற்று இருக்கும்போதுதான், காற்றைக் குறைத்தால் தாங்கும் பாரமும் குறையும். எழுத்தில் எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், டி என்றால் 190, எச் என்றால் 210. நம்மைப் போல கால் மைலை 12 வினாடியில் ஓடும் கார் முடிவுக் கோட்டைத் தாண்டும்போது 112 மைல் காட்டினால் அதுவே 180 கிலோமீட்டர், எஸ் டயரின் எல்லை அங்கே முடிந்துவிட்டது. அதனால் டி-க்குக் கீழே வாங்காதீர்கள், முடிந்தால் எச்.

மலிவு வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது 195/65ஆர்15 91எச். இதில் 195 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம், 15 என்பது அங்குலத்தில் வீலின் விட்டம். கரோலா மாதிரியான சாதாரண கார்களில் ஓடிய அளவு, எந்த டயர் கடையிலும் உண்டு, ஒன்று நூறு டாலருக்குள் நல்லதாகவே கிடைக்கும். டயரின் விட்டம் 25 அங்குலம். இதில் பெரிய லாபம், ஃபாக்ஸ் பாடிக்குக் கம்பெனியே கொடுத்த 15×7 வீலில் (15 அங்குல விட்டம், 7 அங்குல அகலம்) இது உட்காரும், புது வீல் வாங்க வேண்டியதில்லை. முன்பு இருந்த 225-க்கு இது நன்றாகவே ஒல்லி. பார்க்க டிராக் கார் மாதிரி இல்லையே என்பார்கள். உண்மைதான், இல்லை. எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

இன்னும் ஒல்லியாகத்தான் வேண்டும் என்றால் 165/80ஆர்15. பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் 5.60-15-க்குப் பதிலாகப் போடுகிற அளவு. விட்டம் 25.4 அங்குலம், 87டி கிடைக்கிறது. இதற்கு நான்கிலிருந்து ஐந்தரை அங்குல அகல வீல் வேண்டும், மூன்றரை அங்குல ரேஸ் வீலில் திணிக்காதீர்கள். மஸ்டாங் எடைக்கு இது போதும், ஆனால் பிக் பிளாக் எஞ்சின் போட்ட கனமான கார் வைத்திருப்பவர்கள் முன் பாரத்தை எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நிறுத்தும் தூரமும் 195-ஐ விடக் கூடும், அதற்கேற்ற இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும்.

பணம் இருந்தால் மிக்கி தாம்சன் ஸ்போர்ட்ஸ்மேன் எஸ்/ஆர், 26×6.00ஆர்15. தெருவில் ஓட்டும் டிராக் காருக்கென்றே செய்த ரேடியல், டி.ஓ.டி. உண்டு, உயரமும் நன்றாக இருக்கும். விலைதான் ஜோடி முந்நூறு டாலரைத் தாண்டும்.

பின்னால் ரேடியல் என்றால் முன்னாலும் ரேடியலே இருக்கட்டும், கலக்காதீர்கள். முன்னால் ரேடியல், பின்னால் பயஸ் என்று மாட்டினால் நிலைமை இன்னும் மோசம், வளைவில் பின்பக்கம் சுழன்று முன்னால் வந்துவிடும்.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நாம் ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறோம். நம் குழந்தைகளும் அந்த காரில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் கடைக்கு வருகிறார்கள். ஸ்டெப்னிக்கும் நல்ல டயருக்கும் வித்தியாசம் நூற்றைம்பது டாலர் போல வரும், அது ஒரு மாத ரேஸ் பெட்ரோல் காசு.

ஸ்டெப்னி வாங்கிய நண்பருக்கு: அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொல்லத் தயங்கிவிட்டேன், மன்னிக்க வேண்டும். என் ஷெட்டில் 15×7 வீலோடு 195/65ஆர்15 ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது, போன வருடம் தயாரித்தது, உங்கள் காருக்கும் அதே நான்கு போல்ட் வீல்தான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், ஜாக்கி நான் வைத்திருக்கிறேன். மற்றவர்கள் சனிக்கிழமை ஒரு அரை மணி நேரம் முன்னதாக வாருங்கள், காற்று கேஜும் டார்ச்சும் கொண்டு வருகிறேன், எல்லா வண்டியின் முன் டயரிலும் தேதி, பாரம், வேக எழுத்து மூன்றையும் படித்துவிட்டு அப்புறம் உள்ளே போவோம்.