நைனாவுக்கு வண்டி வாங்குவது பற்றி

அன்புள்ள தணிகாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நைனாவுக்கு இருமல் விட்டுவிட்டது. நீயும் மருமகளும் பாப்பாவும் சுகமாக இருக்க திருத்தணி முருகன் துணை. போனில் பேசலாம் என்றுதான் பார்த்தேன். "கம்பெனி லைன்ல இருக்கேன்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். பின்னால் பஸ் ஹாரன் கேட்கிறது. சரி, வேலையாக இருப்பாய் என்று எழுதி, சின்ன மாமா பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். பழைய ரூம் முகவரிதான் அவனிடம் இருக்கிறது. மாறியிருந்தால் அவனுக்கு ஒரு போன் பண்ணி இடத்தைச் சொல்.

நீ அனுப்பிய பேட்டரி வண்டிப் படத்தை, நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டுவதுதானே, நைனா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். சிவப்புக் கலர் நன்றாகத்தான் இருக்கிறது. 1,18,000 ரூபாய் என்றதும் போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நீ EMI போட்டுக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் ராஜா. மாதாமாதம் கட்ட வேண்டுமானால் மாதாமாதம் கைக்கு வர வேண்டும். உனக்கு வரவில்லை என்று நான் சொல்லவில்லை. பாப்பாவுக்கு இந்த வருடம் ஸ்கூல் மாற்ற வேண்டும் என்றாய், அதற்கே ஆகும். EMI வேண்டாம்.

வண்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். நைனாவுக்கு வண்டி கட்டாயம் வேண்டும். இளம்பிள்ளை வாதம் வந்த காலைக் கையால் அழுத்தி அழுத்தியே இத்தனை வருடம் நடந்துவிட்டார். அந்தக் காலைப் பற்றி அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. இப்போது விட்டுப்போனது நல்ல கால். அறுபது வருடமாக இரண்டு காலின் பாரத்தையும் அது ஒன்றே சுமந்தது, முட்டி தேய்ந்துவிட்டது என்கிறார் டாக்டர். தறிக்கு நூல் தார் சுற்றும் இடத்திலிருந்து திண்ணைக்கு வருவதற்குள் உட்கார்ந்து உட்கார்ந்து வருகிறார். திரௌபதி அம்மன் கோயிலில் இந்த வருடம் பாரதக் கூத்து நடந்ததே, மூன்று தெரு தள்ளித்தானே கோயில், போக முடியவில்லை. திண்ணையில் உட்கார்ந்து மைக் செட்டில் வந்ததையே கேட்டார். அர்ச்சுனன் தபசு அன்றைக்குக் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது, ஒன்றும் காதில் விழவில்லை. அவர் வாய் திறக்கவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

இலவசமாகக் கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். கேட்காமல் இருப்பேனா? நைனாவுக்கு ஊனத்துக்குக் கொடுக்கிற சதரம் சர்டிபிகேட்டில் 65 சதவீதம் போட்டிருக்கிறார்கள். மத்திய அரசாங்கக் கம்பெனி கான்பூரில் செய்கிறதே, அலிம்கோ பேட்டரி வண்டி, அது 80 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு என்று நம் வார்டு ஆபீஸ் சச்சிவாலயத்தில் இருக்கும் பெண் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். பள்ளிப்பட்டில் உன் பெரியப்பா மகனுக்கு சைடு வீல் வைத்த பெட்ரோல் ஸ்கூட்டர் தமிழ்நாட்டு அரசாங்கம் கொடுத்தது உனக்குத் தெரியும். நமக்கு அங்கே ரேஷன் கார்டு இல்லை. 1960-இல் திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, நம் நகரி இந்த ஆந்திரா பக்கம் நின்றது, தாத்தா அதைச் சொல்லிச் சொல்லியே போய்ச்சேர்ந்தார். ஆனால் இந்தப் பக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2024 ஜூலையிலிருந்து நைனாவுக்கு 3,000 பென்ஷன் 6,000 ஆனது. ஒன்றாம் தேதி வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அந்தப் பணம்தான் இந்த வீட்டை நிமிர்த்தி வைத்திருக்கிறது. நீ அனுப்பாவிட்டாலும் அடுப்பு எரியும், அதை மனதில் வைத்துக்கொள்.

சைடு வீல் வண்டி நமக்கு ஆகாது. அதற்கு லைசென்ஸ் வேண்டும், பெட்ரோல் வேண்டும். அதைவிட, கையில் அது இருந்தால் நைனா சென்னை திருப்பதி ரோட்டில் ஏறிவிடுவார். உன் நைனாவை எனக்குத் தெரியும். தெருவுக்குள் மெதுவாகப் போகிற பேட்டரி வண்டி போதும்.

அதனால் நானே விசாரித்தேன். புத்தூரில் ரிடையர்டு வாத்தியார் ஒருவர், உன் அத்தை வீட்டுக்கு எதிர்வீடு, அவர் இப்படி ஒரு வண்டி வைத்திருக்கிறார். போய்ப் பார்த்தேன். வாத்தியார் வீட்டம்மா நல்ல மாதிரி, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்கள். கைப்பிடியில் உள்ள லீவரை அழுத்தினால் வண்டி போகிறது, விட்டால் தானாகவே பிரேக் பிடித்து நிற்கிறது. கால் எதுவும் வேண்டாம். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. ஆனால் சீட்டுக்குப் பின்னால், கீழே, சிவப்பாக ஒரு சின்னக் கம்பி இருக்கிறது. வண்டியைக் கையால் தள்ள வேண்டுமானால் அதைத் தூக்கிவிட வேண்டுமாம். தூக்கிவிட்டால் அந்தத் தானியங்கிப் பிரேக் கிடையாது. வாசலில் தண்ணீர் போவதற்குக் கொஞ்சம் சரிவு இருக்கிறதல்லவா, அதில் அந்த அம்மா தூக்கிக் காட்டினார்கள், வண்டி தானாகக் கிளம்பிவிட்டது. ஓடிப்போய் நான்தான் பிடித்தேன். நைனா உட்கார்ந்திருக்கும்போது தெருப் பிள்ளைகள் விளையாட்டாக அதைத் தூக்கிவிட்டால் என்ன ஆகும்? எந்த வண்டி வாங்கினாலும் அந்தக் கம்பி எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பேட்டரி விஷயம்தான் பெரிது. அவர்கள் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போய் இருந்துவிட்டு வந்தபோது, வண்டி சும்மா நின்றே பேட்டரி செத்துப்போயிருக்கிறது. 12 வோல்ட் பேட்டரி இரண்டு, ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டுமாம், இல்லாவிட்டால் பழையது புதியதையும் கெடுத்துவிடும். ஈய பேட்டரி விலை குறைவு, ஆனால் கனம், சில வருடத்தில் மாற்ற வேண்டி வரும். லித்தியம் நாள் உழைக்கும், விலை கூட. நம் ஊர் வெயிலுக்கு இரண்டையுமே ஓட்டுக்கூரையின் கீழே வைத்துக் கொதிக்க விடக்கூடாது. 20 கிலோமீட்டர் ஓடும் என்று கம்பெனி எழுதியிருந்தது, நம் தெரு மாதிரித் தெருவில் அதில் பாதிதான் வருகிறது என்றார் வாத்தியார். நைனாவுக்குப் பாதியே தாராளம். கோயில், டீக்கடை, சச்சிவாலயம், அவ்வளவுதான்.

இதையெல்லாம் கேட்ட பிறகு எனக்கு ஒன்று புரிந்தது. வண்டி விலையோடு முடிவதில்லை. கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்குக் கொடுத்துவிட்டால், பேட்டரி போகிற அன்று வண்டியும் நின்றுவிடும். என் சீட்டு அடுத்த மாதம் முடிகிறது, 50,000 வரும். அதில் 40-க்குள் வண்டி, மிச்சம் 10,000 தபால் ஆபீசில் பேட்டரிக்கென்று தனியாக. அந்தப் பத்தை யாரும் தொடக்கூடாது, பொங்கலுக்கும் கூடாது. இதில் உன் பணம் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. நீ அனுப்பிய வண்டி வெளிநாட்டுச் சாமான். மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுகிற கன்ட்ரோலர் போனால் யார் பார்ப்பார்கள்? பேட்டரி ஆட்டோ வேலை செய்கிறவனுக்குத் தெரிந்த மோட்டாரும் வயரும் உள்ள வண்டியாக இருந்தால் பிழைத்தோம். அந்த வேலைக்கும் இங்கே ஆள் இல்லை. ஏகாம்பரகுப்பத்தில் இப்போது எத்தனை பேட்டரி ஆட்டோ ஓடுகிறது தெரியுமா? ஒரு வயர் போனாலும் திருத்தணிக்கோ புத்தூருக்கோதான் ஏற்றிப் போகிறார்கள். நல்ல கை உள்ள ஒருவன் கடை போட்டால் உட்கார நேரம் இருக்காது என்று சின்ன மாமாவும் சொல்கிறான். தறி விற்ற இடம் சும்மாதான் கிடக்கிறது. மூன்று பேஸ் கரண்ட் இன்னும் இருக்கிறது. சும்மா சொல்லி வைத்தேன்.

பதினைந்து வயதில் தறி மோட்டாரைப் பிரித்துப்போட்டு, நைனா திட்டத் திட்ட, விடிவதற்குள் மறுபடி கோத்து ஓட விட்டவன் நீ. அன்றைக்குத் தெருவே வந்து பார்த்தது. அதை நான் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். அப்படிப்பட்டவன் படத்தைப் பார்த்து வண்டி வாங்கலாமா? தொட்டுப் பார்க்காமல், அவரை உட்கார வைத்துப் பார்க்காமல், விலை கட்டலாமா? உன்னிடம் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்கு வருவாய் என்று காவடிக்குப் பூவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். வரவில்லை. வர முடியவில்லை என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம்.

பின்தெருப் பையன், உன்கூட வேலைக்குச் சேர்ந்தானே, அவன் கிருத்திகைக்கு வந்திருந்தான். உன்னைப் பற்றிக் கேட்டேன். "அண்ணன் இப்போ எங்க ஷிப்ட்ல இல்லை பெரியம்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். ஷிப்ட் மாற்றியிருப்பார்கள் போல. நானும் மேலே கேட்கவில்லை. சாப்பிட்டுப் போ என்றேன், சாப்பிட்டான். நைனாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அரக்கோணத்தில் ஒரு வண்டி இருக்கிறது. ரயில்வேயில் இருந்த ஒருவருடைய அம்மா ஓட்டியது, அந்தப் பாட்டி தவறிவிட்டார்கள். 34,000 சொல்கிறார்கள். நான்கு சக்கரம். மூன்று சக்கர வண்டி சந்தில் சுலபமாகத் திரும்பும், ஆனால் கால்வாய் மூடி மேல் ஒரு பக்கம் ஏறினால் சாயும் என்று வாத்தியார் பயமுறுத்திவிட்டார். நான்கே இருக்கட்டும். காற்று டயர் என்றார்கள். பஞ்சர் ஆனாலும் பரவாயில்லை, கெட்டி ரப்பர் டயரில் நைனாவின் முட்டி தாங்காது. சீட் பக்கவாட்டில் திரும்புமாம், ஏறி இறங்க அது வேண்டும். பேட்டரியின் மேல் மாதம், வருடம் அடித்திருக்கும், அதைப் பார்க்க வேண்டும். அடிப்பாகம் எவ்வளவு உயரம் என்று கேட்டேன், அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நம் தெரு ஸ்பீடு பிரேக்கர் தெரியுமல்லவா, தட்டும் வண்டி நமக்கு உதவாது. நைனா உட்கார்ந்து ஒரு மேடு ஏறிக் காட்ட வேண்டும். காலியாக ஓட்டிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதே.

வீட்டுக்குள் ஏற்றுவது நடக்காது. சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால்தான் பத்திரம் என்கிறார்கள். நம் இரண்டு படியும் சேர்ந்து ஒரு அடி. பன்னிரண்டு அடிக்குத் தெருவில் எங்கே போவது? தறி ஷெட்டில் நிறுத்திக்கொள்ளலாம், அது தரை மட்டம். கதவு அகலம் நூல் பிடித்து அளந்துவிட்டேன், முப்பத்தோரு அங்குலம். வண்டி அதற்குள் வர வேண்டும். அங்கேயே பிளக் பாயின்ட் இருக்கிறது, ராத்திரி சார்ஜ் போட்டுவிடலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்ன மாமா லோடு ஆட்டோவில் நைனாவை அரக்கோணம் அழைத்துப் போகிறான். நானும் போகிறேன். நீயும் வா. வண்டியைப் பார்த்துச் சொல்ல எனக்கு உன்னைத் தவிர ஆள் கிடையாது. திருவள்ளூரில் ஏறினால் நேராக அரக்கோணம்தானே. ஊருக்குள் வந்து ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஸ்டேஷன் வாசலில் நில், மாமா வந்து அழைத்துக்கொள்வான். புளிசாதம் கட்டி எடுத்து வருகிறேன். மருமகளையும் பாப்பாவையும் அழைத்து வந்தால் ரொம்ப சந்தோஷம். அவர்கள் அவளுடைய அம்மா வீட்டில் இருந்தால் நீ மட்டும் வா, நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

பணம் எதுவும் எடுத்து வராதே. நீ போன மாதமும் அதற்கு முந்தின மாதமும் போட்ட பணம், வேறே கணக்கிலிருந்து வந்திருந்தது, அப்படியே இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை. தபால் ஆபீஸ் புத்தகத்தையும் ஞாயிற்றுக்கிழமை கையில் கொண்டு வருகிறேன், உனக்கு வேண்டுமானால் வாங்கிக்கொண்டு போ. டெஸ்டர், ஸ்பானர் செட் உன்னிடம் இருந்தால் எடுத்து வா. நைனாவுடையது துருப்பிடித்துவிட்டது.

இப்படிக்கு,
அம்மா