தோரோவின் பூக்கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவைக் காட்டில் ஒதுங்கிய துறவியாகவே பலரும் எழுதுவது வருத்தமளிக்கிறது. 1845 முதல் 1847 வரை வால்டன் குளக்கரையில் தம் கையால் கட்டிய சிறு வீட்டில் அவர் வாழ்ந்தார் என்றாலும், சொந்த ஊரான கான்கார்டு அங்கிருந்து நடந்து போய்வரும் தொலைவுதான். பனிக்கட்டியாய் உறைந்திருந்த அந்தக் குளத்தில், கல் கட்டிய கயிற்றை இறக்கி, ஆழம் 102 அடி என்று அளந்தவர் அவர். எந்தச் செடி எந்த நாளில் பூத்தது என்று 1850களில் அவர் பொறுமையாகக் குறித்துவைத்த பட்டியல்களை இன்றைய நிலையோடு ஒப்பிட்டே, அவ்வூரின் பல பூக்கள் இப்போது முன்னதாகவே மலர்வதை அறிவியலாளர்கள் கண்டறிந்தனர். 1862இல், 44 வயதிலேயே காசநோயால் மறைந்த அவருடைய நாட்குறிப்புகளைப் பற்றித் தங்கள் நாளிதழ் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்