நின்ற இடத்தில் அணையும் எச்சரிக்கை விளக்குகள்: புதிய தீயணைப்பு வண்டி குறித்த புகார்

அனுப்புநர்:
நிலைய அலுவலர், தீயணைப்பு நிலையம்

பெறுநர்:
சேவைப் பிரிவு மேலாளர், தீயணைப்பு வண்டித் தயாரிப்பு நிறுவனம்

பொருள்: எச்சரிக்கை விளக்குகள், மின்னமைப்புக் குறைகளைச் சரிசெய்து தரக் கோருதல்

ஐயா,

தொலைபேசியில் பலமுறை சொல்லியும் தீராததால் எழுத்தில் தருகிறேன்.

வண்டி ஓடும்போது குறையில்லை. நின்றால்தான் தொல்லை. சாலை விபத்துக்குப் போனால் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, அதன் மறைவில்தான் எங்கள் ஆட்கள் வேலை செய்கிறார்கள். பின்னால் வருகிற லாரிக்கு எங்களை அடையாளம் காட்டுவது வண்டியின் எச்சரிக்கை விளக்குகள் மட்டுமே. சென்ற வாரம் இரவில் அப்படி நிறுத்தியிருந்தபோது பின்பக்க மேல்விளக்குகள் இரண்டும் அணைந்துவிட்டன. ஓட்டுநர் அறையில் ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வந்து பார்த்த உங்கள் டெக்னீஷியன் பேட்டரியை மாற்றச் சொன்னார். சோதித்துப் பார்த்தோம், பேட்டரி நன்றாக இருக்கிறது. வண்டி நின்றபடி எஞ்சின் ஐடிலில் மெதுவாக ஓடும்போது, மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் முழு ஆம்பியர் தராது. சுமை மிஞ்சினால், மின்சுமையைத் தானாகக் கட்டுப்படுத்தும் லோடு மேனேஜர் கருவி சிலவற்றைத் துண்டிக்கும், அதுவும் சரிதான். எதை முதலில் துண்டிப்பது என்று நீங்கள் அமைத்த வரிசைதான் தவறு. ஒப்பந்தத்தில் நாம் எழுதிக்கொண்ட, தீயணைப்பு வண்டிகளுக்கான அமெரிக்கத் தரமான என்.எஃப்.பி.ஏ. 1901-இன்படி, கட்டாய எச்சரிக்கை விளக்குகள் குறைந்தபட்சத் தொடர் மின்சுமையை, அதாவது எப்போதும் மின்சாரம் கிடைத்தாக வேண்டியவற்றின் பட்டியலைச் சேர்ந்தவை. அவற்றின் மேல் லோடு மேனேஜர் கை வைக்கவே கூடாது. ஏசிக்குக் கொடுத்த இடத்தை ஆட்களின் உயிருக்குக் கொடுக்காமல் விட்டது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

வோல்டேஜ் இறங்கியபோது அபாய ஒலியும் வரவில்லை. 24 வோல்ட் அமைப்பில் 23.6 வோல்ட்டுக்குக் கீழே 120 வினாடிக்கு மேல் நீடித்தால் ஒலிக்க வேண்டும். மீட்டரில் அதற்கும் கீழே நெடுநேரம் நின்றதை நானே பார்த்தேன்.

வயரிங்கையும் அளந்தோம். பேட்டரி முனையில் 27.6 வோல்ட் இருக்கும்போது பின்விளக்கு முனையில் 24.1தான் வருகிறது. இழப்பு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இங்கே தாண்டுகிறது. பின்பக்க விளக்குகள் அனைத்துக்கும் ஒரே மெல்லிய வயர் போயிருக்கிறது. எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டாத போல்ட்டில் முடுக்கியிருக்கிறார்கள், அங்கே மின்தொடர்பு சரியாகக் கிடைக்காது.

இன்னொன்று, பார்க்கிங் பிரேக் போட்டதும் வெள்ளை எச்சரிக்கை விளக்குகள் தாமாக அணைய வேண்டும். வழி கேட்டு ஓடும்போதுதான் வெள்ளை. வழியை மறித்து நிற்கும்போது அது எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைத்து, சாலையில் நிற்கும் ஆளையே மறைத்துவிடும். எங்கள் வண்டியில் அவை மின்னிக்கொண்டேதான் இருக்கின்றன.

லோடு மேனேஜர் வரிசையையும் பிரேக் இணைப்பையும் திருத்தி, பின்பக்கத்துக்குத் தகுந்த தடிமனில் புதிய வயர் இழுத்து, அபாய ஒலியைச் சரிசெய்து தாருங்கள். பிறகு எங்கள் முன்னிலையில் சோதனை நடக்க வேண்டும்: எஞ்சினை நிறுத்தி 10 நிமிடம் தொடர் சுமையை ஓட்டிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்வது, ஐடிலில் ஆல்டர்னேட்டர் சோதனை, 2 மணி நேர முழுச்சுமைச் சோதனை. வண்டியோடு வந்திருக்க வேண்டிய மின்சுமைக் கணக்கும் சோதனைச் சான்றும் கோப்பில் இல்லை, அவற்றையும் அனுப்புங்கள்.

அதுவரை இரவு விபத்துகளுக்கு இந்த வண்டியைத் தனியாக அனுப்பமாட்டேன். எஞ்சிய தவணையும் சோதனை அறிக்கை கைக்கு வந்த பிறகே விடுவிக்கப்படும். ஆட்களை என்று அனுப்புகிறீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
நிலைய அலுவலர்