கேஸ் 'டாப் அப்' செய்யுமுன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கார் ஏர்கோன் குளிரவில்லை என்றாலே "கேஸ் முடிஞ்சிருக்கும், போட்டா சரியாயிடும்" என்பது இங்கே பினாங்கில் பழகிப்போன பேச்சு. ஏர்கோன் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ரப்பர் ஹோஸ் வழியே வெளியேறுவது சொற்பம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கேஸோடு கம்ப்ரசர் (கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்ப்) எண்ணெயும் போகிறது என்பதுதான் பெரிய நஷ்டம். கேஸை மட்டும் நிரப்பிக்கொண்டே ஓட்டினால், எண்ணெய் வற்றி ஒருநாள் கம்ப்ரசரே இறுகி நின்றுவிடும்.

பட்டறைக்குப் போகுமுன் வீட்டு வாசலிலேயே சிலவற்றைப் பார்த்துவிடலாம். முதலில், குறைந்திருப்பது காற்றா, குளிரா? காற்று பலவீனமாக வந்தால் கேஸுக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. கிளோவ் பாக்ஸைக் கழற்றினால் பின்னால் கேபின் ஃபில்டர் இருக்கும், கறுத்துப்போயிருந்தால் மாற்றுங்கள். (பழைய உள்நாட்டுக் கார்கள் சிலவற்றில் ஃபில்டரே கிடையாது. தூசு நேராகக் கூலிங் காயிலில் போய் அப்பிக்கொள்ளும்.) காற்று கடைசி வேகத்தில் மட்டும் வருகிறது, மற்ற வேகங்களில் இல்லை என்றால் புளோவர் ரெசிஸ்டர் (உள்விசிறியின் வேகத்தைக் குறைத்துத் தரும் பாகம்) போயிருக்கும். புறப்பட்டபோது ஜில்லென்று இருந்து, ஒரு மணி நேர ஓட்டத்தில் காற்று சுருங்கி, கால் மணி நேரம் அணைத்து வைத்தால் மீண்டும் வந்தால், கூலிங் காயில் பனி கட்டுகிறது. அடைத்த ஃபில்டர் அல்லது கெட்டுப்போன தெர்மிஸ்டர் (காயிலின் குளிரை உணரும் சென்சர்) காரணமாக இருக்கலாம்.

காற்று நன்றாக வருகிறது, குளிர்தான் இல்லையா? இன்ஜினை ஓடவிட்டு, பானட்டைத் திறந்து, இன்னொருவரை ஏர்கோன் சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். கிளட்ச் வைத்த கம்ப்ரசரானால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டு, புல்லியின் முன்தட்டும் சேர்ந்து சுற்றத் தொடங்கும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு அதே எண்ணுள்ள ஹார்ன் ரிலேயை (ஃபியூஸ் பெட்டியில் இருக்கும் சிறு மின் சுவிட்சை) கழற்றி ஏர்கோன் ரிலே இடத்தில் செருகிப் பாருங்கள். கேஸ் மிகவும் குறைந்தாலும் பிரஷர் சுவிட்ச் கிளட்ச்சைத் தடுத்துவிடும். கையையும் சட்டைத் துணியையும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் தள்ளி வைத்திருங்கள். விசிறி சொல்லிக்கொண்டு சுற்றாது.

பினாங்குப் பாலத்தில் நெரிசலில் ஊர்ந்தால் சூடான காற்று, பாலம் தாண்டி வேகம் பிடித்ததும் குளிர் என்றால், அது பெரும்பாலும் கண்டென்சர் (முன் கிரில்லுக்குப் பின்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியேற்றும் காயில்) விசிறியின் கோளாறு. ஓடும்போது எதிர்காற்று விசிறியின் வேலையைச் செய்துவிடுகிறது, நின்றால் குறை தெரிகிறது. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. சமையலறை வெப்பமானி ஒன்றை நடு வென்டில் செருகி, காரை நிழலில் நிறுத்தி, ஏர்கோனை உள்காற்றுச் சுழற்சியில் வைத்து, பத்து நிமிடம் ஓடவிடுங்கள். வெளியே 32 டிகிரி என்றால் வென்டில் 10 டிகிரியை ஒட்டி வருவது நல்ல அடையாளம். வரவில்லையா? முன் கிரில் வழியே கண்டென்சர் மீது ஹோஸால் மெல்லத் தண்ணீர் அடியுங்கள். வெப்பமானி சட்டென்று கீழிறங்கினால் விசிறியோ, அழுக்கோ, கடல் உப்பு அரித்த தகடுகளோ காரணம். கரையோரத்தில் நிறுத்தும் கார்களில் இந்த அரிப்பு அதிகம். அதிக அழுத்தத் தண்ணீர்த் துப்பாக்கி மட்டும் வேண்டாம், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

இப்போது கடையில் விற்கும் கேஸ் கேன்களுக்கு வருவோம். அவற்றோடு வரும் சிறு அழுத்த மீட்டரை நம்பி நிரப்புவதே தவறு. வீட்டில் 14 கிலோ கேஸ் தோம்பு கடைசி வரை ஒரே அழுத்தத்தில்தான் எரிகிறது. எவ்வளவு மிச்சம் என்று தூக்கித்தான் பார்க்கிறோம். ஏர்கோனும் அப்படித்தான். இன்ஜின் நின்றிருக்கும்போது, உள்ளே திரவம் கொஞ்சம் இருந்தாலே 30 டிகிரி வெப்பத்தில் ஆர்134ஏ (பல கார்களில் உள்ள ஏர்கோன் கேஸ்) ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டும். அதிலிருந்து அளவு தெரியாது. ஓடும்போது லோ சைட் (கம்ப்ரசருக்குள் கேஸ் திரும்பும் பக்கம்) அழுத்தம் ஏறிக்கிடந்தால் கேஸ் கூடியிருக்கலாம், கம்ப்ரசர் தேய்ந்திருக்கலாம். சிறிய கார்கள் பலவற்றுக்கு மொத்தமே 350 முதல் 500 கிராம்தான். அதில் 100 கிராம் கூடினாலும் குளிர் குறையும், கம்ப்ரசருக்கும் சுமை. கசிவை அடைக்கும் மருந்து கலந்த கேனைத் தொடவே வேண்டாம், அது எக்ஸ்பான்ஷன் வால்வையும் (கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்துவிடும் சிறு துளை) அடைக்கக்கூடும். கேனிலுள்ள ஆர்134ஏ திரவம் கையில் பட்டால் தோல் உறைந்துவிடும். அதன் கொதிநிலையே மைனஸ் 26 டிகிரி.

கசிவை வீட்டில் தேடலாம்: மூட்டுகளில் எண்ணெய்ப் பசையோடு தூசு ஒட்டிய இடம்தான் முதல் சந்தேகம். அடைப்பது பட்டறை வேலை. அங்கே போனால் "கேஸ் போடுங்க" என்று சொல்லாமல் "லீக் பாருங்க" என்று சொல்லுங்கள். ஓ-ரிங்கையும் (மூட்டு ரப்பர் வளையம்) டிரையரையும் (ஈரம் உறிஞ்சும் பாகம்) மாற்றி, அரை மணி நேரம் வாக்கம் இழுத்து (உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி), பம்பை நிறுத்தியபின் மீட்டர் முள் ஏறாமல் நிற்கிறதா என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். அதன்பின் பானட் ஸ்டிக்கரில் எழுதிய கிராம் அளவைத் தராசில் வைத்து நிரப்ப வேண்டும். பில்லில் "ஏர்கோன் சர்வீஸ்" என்று ஒரே வரியில் முடிக்காமல் எடுத்த கேஸ், போட்ட கேஸ், சேர்த்த எண்ணெய், கசிந்த இடம் நான்கையும் எழுதித் தருவது கடைக்காரருக்கு ஒரு நிமிட வேலை. அடுத்த முறை குளிர் குறையும்போது எங்கிருந்து தொடங்குவது என்பது அந்தத் தாளில் இருக்கும்.

இப்படிக்கு,
ஏர்கோன் பழுதுபார்ப்பவர்,
பட்டர்வொர்த்